வெயில் தின்ன வளவு

வெள்ளையாப் போன பவளத்தப் பாத்து அது செத்துப் போச்சுன்னு சொல்றவங்க யாரா இருந்தாலும் எங்கிட்ட வாங்க, சண்ட போடலாம், ஏன்னா அது சாகல, பட்டினி கெடக்கு, பட்டினி கெடக்குற ஆளப் பாத்து மாலை வாங்க ஓடுற புத்தி நமக்கு எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல, இத நான் எங்க காலேஜ்ல கடல் உயிரியல் நடத்துற சார்கிட்டயே கேட்டேன், அதுக்கு அவரு, "ஜெனோவா, வாய்க்குத் தனியா மார்க் கெடையாது"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

அந்தப் பவளம் கையகலம் இருக்கும், மான் கொம்பு மாதிரி கிளை கிளையா, தேன் கலர்ல. கடல்ல உடைச்சது கெடையாது, உடைச்சிருந்தா நானே போலீசக் கூப்பிட்டிருப்பேன். அனுமதி வாங்கி, பண்ணையில கயித்துல தொங்கவிட்டு, ஆராய்ச்சிக்குன்னு வளத்த துண்டு. மாசி முடியிறப்பவே லேப்ல ஏசி படுத்துருச்சு, ரிப்பேர் பண்ண ஆள் வரல, சார் எங்கிட்ட, "வீட்டுக்குக் கொண்டு போ, செத்தாச் சொல்லு, ரிப்போர்ட்ட முடிச்சிருவோம்"னாரு. சாகுறதுக்கு முன்னாடியே முடிவுரை யோசிக்கிற ஆளு கையில அத விட்டுட்டு வர முடியுமா? கண்ணாடித் தொட்டியோட ஆட்டோவுல ஏத்தி, மடியில உப்புத் தண்ணி சிந்தச் சிந்த, தூத்துக்குடியில கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல இருக்குற எங்க வளவுக்குக் கொண்டாந்து, எங்க முன்னறையில வச்சேன்.

வளவு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன்: நடுவுல ஒரு பொது வாசல், அதுல ஒரு வாதாமரம், மரத்தடியில ஒரு கொழாய், சுத்தி ஒட்டி ஒட்டி வீடு, மேல எல்லாருக்கும் சேத்து ஒரு மொட்டை மாடி. ஒரு வீட்டுல மொளகா வறுத்தா எல்லா வீட்டுலயும் தும்முவாவ. ஒரு வீட்டுல நான் சண்ட போட்டா எல்லா வீட்டுலயும் டிவிய அணைச்சிட்டுக் கேப்பாவ.

இன்னொண்ணும் சொல்லிருதேன், அதத் தெரியாம மிச்சம் புரியாது. பவளத்துக்குத் தனியாச் சமைக்கத் தெரியாது. அது ஒடம்புக்குள்ள பொடிப்பொடியாப் பாசி குடியிருக்கும், அந்தப் பாசிதான் வெயில வாங்கிச் சமைச்சு வீட்டுக்காரப் பவளத்துக்கும் ஊட்டும், பவளத்தோட கலரே அந்தக் குடித்தனக்காரங்க கலருதான். தண்ணி சூடாச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஒத்துவராமப் போகும், பாசி வெளியேறிரும், உள்ள இருக்குற எலும்பு வெள்ளையாத் தெரிய ஆரம்பிக்கும். போன வருசம் எங்களப் படகுல தீவுப் பக்கம் கூட்டிட்டுப் போயிருந்தாவ, கண்ணாடிய மாட்டிட்டுத் தண்ணிக்குள்ள குனிஞ்சா, கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் வெள்ளை, ஒரு ஊரே வெளியூர் போனது மாதிரி வெள்ளை. நான் படகுல ஏறி உக்காந்துட்டு யாரையாவது ஏசணும்னு பாத்தேன், ஆளு கெடைக்கல, சூரியனையா ஏச முடியும்? அந்தக் கோவத்த வீட்டுக்குக் கொண்டாந்து பத்திரமா வச்சிருந்தேன். கடலுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது, ஆனா இந்தக் கையகலத் துண்டு எங்க முன்னறையில இருக்கு, இத மட்டும் சாக விடமாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பங்குனி வெயில்ல தெருமுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு, கரண்டு போயி, போனது போனதுதான்னு ஆயிப் போச்சு. தொட்டிக்கு வச்சிருந்த ஃபேன் நின்னுச்சு, தண்ணி கஞ்சி மாதிரிச் சூடாச்சு, நான் விசிறிய வச்சு வீசிப் பாத்தேன், அம்மா சேலைய நனைச்சுச் சுத்திப் பாத்தேன், ஒரு முற்பகல்ல எங்கண்ணு முன்னாலயே பவளத்துல இருந்து அந்தத் தேன் கலரு எந்திரிச்சு, கண்ணாடியில ஏறி, விளிம்பத் தாண்டி, மேசைக்கால் வழியா எறங்கி, எறும்புச் சாரை மாதிரி வாசலக் கடந்து போச்சு. நான் பின்னாலயே போயி, "எங்க போறிய, ஒரு ஃபேன் ஓடலங்கிறதுக்காக வீட்டக் காலி பண்ணுவியளா, இவ்வளவு நாளு இருந்த வீட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா"ன்னு கேட்டேன். அது நிக்கல. ஒவ்வொரு வீட்டுப் படியா ஏறி, எந்த ஒடம்பு குளுமையா இருக்குன்னு பாத்துப் பாத்துக் குடியேறுச்சு.

எங்கம்மாவுக்கு முழங்கையில ஏறுச்சு. ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன தொம்மை மாமாவுக்கு வழுக்கையில ஏறி, தலைக்குத் தேன் தடவுன மாதிரி ஆச்சு. தங்கபுஷ்பம் டீச்சருக்கு ரெண்டு கையிலயும் வளையலுக்கு மேல ஏறுச்சு. வளவு வாசல்ல புட்டும் இடியாப்பமும் அவிச்சு விக்கிற பிரகாசி அக்கா கிட்ட அது போகவே இல்ல, அடுப்பு முன்னால நிக்கிற ஒடம்பு அது. எனக்கும் ஒரு பொட்டுகூட ஒட்டல, ஏன்னு கேக்காதிய, எல்லாருக்கும் தெரியும். எல்லாத்தையும்விட அதிகமா ஏறுனது எதுத்த வீட்டு லீதியா மைனிக்கு, கழுத்து, தோளு, ரெண்டு உள்ளங்கைன்னு. வளவுலயே குளுமையான ஒடம்பு அவங்களுதுதான். மாமனாரு, புருசன் ரெமிஜி அண்ணன், கொழுந்தன்மாரு, பிள்ளையன்னு வீடு நெறைய ஆளு, எல்லாருக்கும் பரிமாறி முடிச்சப்புறம் சட்டியில என்ன ஒட்டியிருக்கோ அதான் மைனிக்கு. கொழாயில யாரு வரிசையப் புடுங்குனாலும், "பரவால்ல, நீங்க புடிங்க"ன்னு சொல்லிட்டு நகந்து நிப்பாவ.

தேமல்னு நெனச்சாவ எல்லாரும். ஆளாளுக்கு மருந்துக்கடையில போயித் தேமல் களிம்பு வாங்கித் தேச்சாவ, தொம்மை மாமா எலுமிச்சம்பழத் தோல வச்சுத் தலைய வெளக்குனாரு, அது போகல. அதுக்குள்ள வேற ஒண்ணு தெரிய வந்துச்சு. துணி காயப்போட மாடிக்குப் போன எங்கம்மா, கொஞ்ச நேரம் வெயில்ல நின்னுட்டுக் கீழ வந்து, "எனக்குச் சோறு வேண்டாம்ட்டி, வயிறு திம்முனு இருக்கு"ன்னு ஏப்பம் விட்டாவ. மறுநாள் டீச்சரும் ஏப்பம் விட்டாவ. பாசிக்குப் பழைய தொழில் மறக்கல, பவளத்துக்குச் சமைச்ச மாதிரியே எங்க வளவுக்கும் சமைக்க ஆரம்பிச்சிருச்சு.

அதுக்கப்புறம் வளவு எப்படி மாறுச்சுன்னு கேளுங்க. காலையில எழுந்து மொகங்கழுவி எல்லாரும் மாடிக்குப் போவாவ, வத்தல் காயப்போட்ட எடத்துல மனுசங்க காயுவாவ, தண்ணித் தொட்டி நெழலு யாரு மேல விழுதுன்னு சண்டை வந்து, டீச்சர் சாக்பீஸ எடுத்து, பரீட்சை ஹாலு மாதிரி வீட்டுக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுத்தாவ. மேகம் மறைச்சா, "இன்னைக்குச் சாப்பாடு லேட்டு"ன்னு சலிச்சுக்கிட்டாவ. தொம்மை மாமா மட்டும் தலையச் சாச்சுச் சாச்சு, "கெழக்கு வெயிலு சப்புன்னு இருக்கு, உச்சி வெயிலுலதான் காரம்"னு ருசி சொல்லுவாரு. கேஸ் சிலிண்டரு தீரவே இல்ல. சட்டி எல்லாம் கவுந்தே கெடந்துச்சு.

அது தவக்காலம். எங்க ஆளுங்க வெள்ளிக்கெழமை ஒருசந்தி இருப்பாவ, ஒரே ஒரு வேளைதான் சாப்பாடு. இப்ப மாடிக்கு ஏறிட்டுப் போனா ஒருசந்தி முறியுமா முறியாதான்னு பெரிய விவகாரமாச்சு. வாயில போடாதது சாப்பாடாகாதுன்னு ஒரு கட்சி, ஏப்பம் வந்தாச் சாப்பாடுதான்னு இன்னொரு கட்சி, கோயிலுக்கே போயி பங்குச்சாமிகிட்ட கேட்டாவ. அவரு தொம்மை மாமா தலைய ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஒருசந்தி இருக்குறவங்க குடை புடிச்சிட்டு நடங்க"ன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் வெள்ளிக்கெழமையானா எங்க வளவுல கொழாய்க்குப் போறவங்க, குப்பை கொட்டப் போறவங்க, எல்லார் தலைக்கு மேலயும் குடை.

இவ்வளவும் நடக்குது, எங்க முன்னறையில என் பவளம் வெள்ளை எலும்பா நிக்குது. ஒருத்தருக்கும் கவலை இல்ல. கரண்டு வந்ததும் ஃபேனப் போட்டேன், அது பத்தாம பிரகாசி அக்கா ஐஸ் கம்பெனியில சொல்லி, பாட்டில்ல அடைச்சு ஒறைய வச்ச தண்ணியக் கொண்டாந்து தந்தாவ, மூடியத் தொறக்காம அப்படியே தொட்டியில மெதக்க விட்டேன், தொறந்து ஊத்துனா உப்பு கொறஞ்சு அதுவும் கேடு. வெளிச்சம் கண்ணக் குத்தாம இருக்க பழைய கொசுவலையக் கட்டுனேன். எறாக்குஞ்சப் பொடியா அரைச்சு, காதுக்கு மருந்து விடுற கொழாயில எடுத்து, ஒவ்வொரு கிளை நுனியிலயும் சொட்டு சொட்டா விட்டேன், ஏதோ கொஞ்சம் தின்னுச்சு, அது உசுரு ஒட்டியிருக்கத்தான் பத்தும். குடித்தனக்காரங்க திரும்பி வந்தாத்தான் அதுக்கு வாழ்வு. வந்து பாத்த தொம்மை மாமா, "ஏட்டி, கலருதானே வேணும், ரோஸ்மில்க் எசன்ஸ் ரெண்டு மூடி ஊத்து"ன்னாரு. நான் அவர ஏசுன ஏச்சுல வாதாமரத்துக் காக்கா பறந்துருச்சு.

ஒரு சாயங்காலம் எல்லாரையும் மரத்தடியில நிக்க வச்சுக் கேட்டேன். "நீங்க திங்கிறது உங்க சோறு இல்ல, எம் பவளத்துச் சோறு. திருப்பிக் குடுங்க."

"நாங்களா திருடுனோம்? அதுவா வந்துச்சு"ன்னாவ டீச்சர்.

"வழி தவறி வந்த ஆட்டுக்குட்டிய வெட்டித் திங்கிறவங்களும் இததான் சொல்லுவாவ."

"நாக்கப் பாரு இவளுக்கு. ஏட்டி, ஒரு கல்லுக்காக மனுசங்க வயித்தத் திருப்பிக் கேக்கியே, நியாயமா?"

"கல்லு இல்ல டீச்சர், உசுரு. நீங்க வெயில் தின்னலேன்னா பிரகாசி அக்கா புட்டு திம்பிய. அது எத திங்கும்?"

சரி, குடுத்துப் பாப்போம்னு எல்லாரும் எங்க முன்னறைக்கு வந்து, கையையும் முழங்கையையும் தலையையும் கண்ணாடியில ஒட்டி வச்சுட்டு நின்னாவ. தொம்மை மாமா, "போ போ"ன்னு மாட்ட ஓட்டுற மாதிரி ஓட்டுனாரு. பாசி அசையல. குளுமையான எடத்த விட்டு அது எதுக்குப் போகும்? எல்லாரும் கைய விரிச்சிட்டு வீட்டுக்குப் போனாவ, நான் சட்டியத் தூக்கிப் போட்டு ஒடச்சேன், அம்மா அதுக்கு ஏசல, எப்படியும் அது சும்மாதான் கெடந்துச்சு.

வழி தெரிஞ்சது கொழாயடியில. ஆவியாப் போன தண்ணிக்கு நல்ல தண்ணி நெரப்பலேன்னா தொட்டியில உப்பு ஏறிரும், அதுக்காக நான் வாளிய வரிசையில மொதல்ல வச்சிருந்தேன்.

"என் கொடத்தத் தள்ளி வச்சது யாருட்டி?" தொம்மை மாமா.

"நாந்தான் மாமா."

"ஹார்பர்ல கப்பல் கப்பலா எறக்குன ஆளு நான். எது முந்தி எது பிந்தின்னு எனக்கு நீ சொல்லித் தாரியா?"

"கப்பல் எறக்குனது இருக்கட்டும். திருவிழா ஃபுட்பால் ஃபைனல்ல நம்ம கோல்லயே பந்த அடிச்ச ஆளுதானே நீங்க. நம்ம பக்கம் எதுன்னு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல."

அந்த கோலப் பத்தி யாரும் பேசுறதில்ல, அவரு பொண்டாட்டி கண்ண மூடுறவரைக்கும் பேசுனதில்ல. மாமாவுக்குக் காது செவந்துச்சு, கழுத்து செவந்துச்சு, "காத்துட்டி அது, காத்துதான் பந்தத் தள்ளுச்சு"ன்னு சொல்லும்போதே வழுக்கை சுடுகல்லு மாதிரி ஆகி, அதுல இருந்த தேன் கலரு ஐயையோன்னு எறங்கி, காதுமடல் வழியா, தோளு வழியா, வேட்டி வழியா தரைக்கு வந்து, வாசலக் கடந்து எங்க வீட்டுப் படி ஏறி, ஐஸ் பாட்டில் மெதந்துட்டு இருந்த தொட்டிக்குள்ள குதிச்சிருச்சு. ஓடிப் போயிப் பாத்தேன். அடிக்கிளையில ஒரு விரக்கடை அகலத்துக்கு நெறம்.

சூடான வீட்ட அது காலி பண்ணும். தொட்டியில செஞ்சத மனுசங்ககிட்டயும் செய்யும். எங்கூர்ல ஆளுகளச் சூடாக்குறதுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா? ஸ்கூல்ல என் வாயிக்காக வெளிய நிக்க வச்சாவ, காலேஜ்ல வாயிக்காக மார்க் கொறச்சாவ, வாயிக்குன்னு ஒரு வேலை அன்னைக்குத்தான் கெடச்சுது.

எங்கம்மாவுக்கு வாயத் தொறக்கவே வேண்டியிருக்கல, ஈரத்துண்ட மெத்தையில போட்டேன், முழங்கை சுத்தமாச்சு. டீச்சருக்குத்தான் கொஞ்சம் யோசிச்சேன்.

"டீச்சர், ஆறாங் கிளாஸ் அரையாண்டுல என் கணக்குப் பேப்பரத் திருத்துனது நீங்கதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"கூட்டல் தப்பு. எனக்கு ஒரு மார்க்கு வரணும்."

"எங் கூட்டலா?"

"உங்க கூட்டல்தான். கணக்கு டீச்சருக்கே கூட்டத் தெரியலேன்னு அன்னைக்கே நெனச்சேன், சின்னப் பிள்ளைங்கிறதால சொல்லல."

"பேப்பரக் கொண்டா. இப்பவே கொண்டா."

"அத எலி தின்னுருச்சு."

"எலி தின்ன பேப்பர வச்சா எம்மேல பழி போடுத?" டீச்சர் நிமிந்து நின்ன நிலையில கையில இருந்த கலரு சாக்பீஸ் தூளு மாதிரி விரல் நுனி வரைக்கும் எறங்கி உதுந்து, படியேறிப் போச்சு. டீச்சர் அதுக்கப்புறமும் நிறுத்தல. இன்னும் நிறுத்தல, பாக்கும்போதெல்லாம் அந்தக் கூட்டலக் கேப்பாவ.

பசி திரும்ப வந்த தொம்மை மாமா பிரகாசி அக்கா கடை முன்னால ஸ்டூலப் போட்டு உக்காந்து, புட்டுல பயற ஊத்திப் பழத்தப் பெசஞ்சு, ஒவ்வொரு உருண்டையா உருட்டி உருட்டிச் சாப்பிட்டாரு, மிச்சப் பேரு சுத்தி நின்னு அவரு தொண்டை ஏறி எறங்குறதையே பாத்தாவ. வயிறு நெறஞ்சிருந்துச்சு, வாய் வெறுமனே இருந்துச்சுன்னு அப்பத்தான் அவங்களுக்கு ஒறைச்சுது. சேந்து உக்காந்து திங்காததால வளவுல பேச்சே கொறஞ்சு போயிருந்துச்சு, அதையும் அப்பத்தான் கவனிச்சாவ. மறுநாள் விடிஞ்சதும் எங்க படியில ஆளு நிக்காவ. "ஜெனோ, என்னைய ஏசு. பசி வேணும்." ஏசுனேன். சிரிக்காவ. கேட்டு வாங்குற ஏச்சுல யாருக்குக் கோவம் வரும்? வாதாமரத்துக்குப் பின்னால பதுங்கி நின்னு, அசந்த நேரமாப் பாத்து, அவங்கவங்களுக்கு எது வலிக்குமோ அத மட்டும் சொல்லணும், வலிச்சு ஆறிப் போற மாதிரியும் சொல்லணும். அதுல ஒரு கணக்கு இருக்கு, பரீட்சையில அத யாரும் கேக்குறதில்ல.

கிளை கிளையாப் பவளம் நெறம் ஏறுச்சு. ஒவ்வொரு சண்டைக்கும் பிரகாசி அக்கா கொழாப்புட்டோட வந்து தொட்டியப் பாத்துட்டு, "இன்னைக்கு நல்ல ஏச்சுட்டி"ன்னு சொல்லிட்டுப் போவாவ. உச்சியில இருக்குற பெரிய கிளை மட்டும் வெள்ளையாவே நின்னுச்சு. அதுக்கு அடியில அழுக்குப் பச்சையா ஒரு சடை புடிக்க ஆரம்பிச்சுது. அது வேற பாசி, ஊட்டுற பாசி இல்ல, ஒடம்ப மூடுற பாசி. பட்டினியில சோந்த எடமாப் பாத்து ஏறும், ஏறுனா ஒரு கிளையோட நிக்காது. நான் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ வச்சு வழிச்சு எடுப்பேன், மறுநாள் திரும்ப நிக்கும். நெறத்தத் திருப்பித் தராதது ஒரே ஒருத்தர்தான்.

லீதியா மைனி படியில உக்காந்து மீன் அலசிட்டு இருந்தாவ.

"மைனி, உங்க கொழம்புல எப்பவும் புளி கூடுதலு."

"ஆமா ஜெனோ, இன்னைக்கும் கூடிருச்சு."

"உங்க பிள்ளைய எதுவும் படிக்கிற மாதிரித் தெரியல."

"உன்ன மாதிரி ஒண்ணு படிச்சாப் போதும்னு மாதாவ வேண்டிக்கிறேன்."

"உங்க கல்யாணச் சேலைக் கலரு சகிக்கல."

"அது எனக்கும் புடிக்காதுட்டி"ன்னு சிரிச்சாவ. அப்புறம் கையக் கழுவிட்டு, தேன் கலரு உள்ளங்கைய மடியில மலத்தி வச்சாவ. "நீ எதுக்கு ஏசுதன்னு தெரியும். எனக்குக் கோவம் வராது ஜெனோ. வந்தா அத எங்க வைக்க? எங்க வீட்டுல எடமில்ல." படியில ஒட்டியிருந்த செதிலச் சுரண்டி எறிஞ்சாவ. "கட்டிக் குடுத்ததுல இருந்து இப்பத்தான் வயிறு நெறஞ்சு உக்காந்திருக்கேன். சட்டியில மிச்சம் இருக்கா இல்லையான்னு பாக்க வேண்டியதில்ல. மாடிக்குப் போறேன், நிக்கேன், நெறையுது. இதையும் உன் பவளத்துக்குத் தரணும்னா சொல்லு, எப்படிக் குடுக்கணும்னும் சொல்லு, குடுத்திருதேன்."

எங்கிட்ட ஏச்சு நெறைய இருந்துச்சு. "வச்சுக்கோங்க மைனி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பிரகாசி அக்கா தொட்டி முன்னால நின்னுட்டு, "சடை ஏறுதேட்டி"ன்னாவ.

"ஏறட்டும்."

"நீயா சொல்லுத?"

"நாந்தான் சொல்லுதேன். பட்டினி கெடக்குறது அது மட்டும் இல்ல."

ஈஸ்டர் வந்துச்சு. பசி திரும்பி வந்த வளவு, தவக்காலமும் முடிஞ்ச வளவு, அன்னைக்கு எல்லாரும் சேந்து சாப்பிடணும்னு பிரகாசி அக்கா சொல்லிட்டாவ, வாதாமர நெழல்ல பாய விரிச்சு, எலையப் போட்டு, டீச்சர் வீட்டுச் சோறு, எங்க வீட்டுக் கோழி, லீதியா மைனி கையால பெரிய சட்டி நெறையப் பாறை மீன் கொழம்பு. பாறை மீன் தலை ஒண்ணே பிள்ளைத் தலையளவு இருந்துச்சு. மைனிதான் பரிமாறுனாவ. யாரும் கேக்கல, அவங்களும் கேக்கல, கரண்டி எப்பவும் அவங்க கையில இருக்கும், அன்னைக்கும் இருந்துச்சு. வரிசையா எல்லா எலைக்கும் குனிஞ்சு குனிஞ்சு வச்சுட்டு, கடைசியில நிமிந்து இடுப்புல கைய வச்சு, எலையெல்லாத்தையும் ஒரு தரம் பாத்தாவ. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தாவ.

"எனக்கு எல போடலையா?"

ரெமிஜி அண்ணன் வாயில சோத்தோட சிரிச்சாரு. கெட்ட மனசுல சொல்லல, அவரு அப்படித்தான். "ஒனக்கெதுக்குட்டி எல? நீதான் மாடியில போயி வெயிலு தின்னுக்கிருவியே. சின்னவனுக்கு இன்னொரு துண்டு வை."

மைனி கரண்டியச் சட்டிக்குள்ள வச்சாவ. சத்தமே வராம வச்சாவ.

"வெயிலு தின்னுறதாலதான் எனக்கு எல இல்லையா? வெயிலு வாரதுக்கு முன்னாடியும் இல்லையே."

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நான் சட்டிய வழிச்சுத் தின்னது எனக்குப் பசி கொறச்சல்னு நெனச்சுக்கிட்டியளோ. இவ்வளவு வருசமா எத்தன பேரு கைகழுவ எந்திரிச்சிய, ஒருத்தராவது சட்டிய எட்டிப் பாத்தியளா?"

கொரல் ஒசரல. ஆனா அவங்களுக்குப் பக்கத்துல இருந்த எலை ஓரம் வாடிச் சுருண்டுச்சு. டம்ளர்ல இருந்த தண்ணியில இருந்து ஆவி வந்துச்சு. ஆறிப் போயிருந்த கொழம்பு சட்டியில திரும்பத் தளதளன்னு கொதிக்க ஆரம்பிச்சுது. வாதாமரத்துல பழுக்கக் காத்திருந்த எலையெல்லாம் ஒரே நேரத்துல செவந்து மைனி மேல உதுந்துச்சு. அத்தன வருசத்துக் கோவமும் எங்கயோ இருந்திருக்கு, அதுக்கு எடம் இருந்திருக்கு.

கழுத்துல இருந்த தேன் கலரு எறங்குச்சு. தோளுல இருந்தது எறங்குச்சு. உள்ளங்கையில இருந்தது விரலு விரலா வழிஞ்சு, மத்தவங்ககிட்ட இருந்து ஓடுன மாதிரி ஓடாம, எலைகளுக்கு நடுவுல நிதானமா நடந்து, எங்க படியேறி உள்ள போச்சு. போறதப் பாத்துட்டே நின்ன மைனி, வயித்துல கைய வச்சாவ. பசி வந்துருச்சுன்னு மொகத்துலயே தெரிஞ்சுது.

எங்க முன்னறைக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு, நான் உக்காந்த எடத்துல இருந்தே தொட்டி தெரிஞ்சுது. உச்சிக் கிளையில அடியில இருந்து நெறம் ஏறுச்சு, அழுக்குச் சடை உரிஞ்சு தண்ணியில மெதந்துச்சு, பவளத்துல இருந்த அத்தன குட்டி வாயும் ஒண்ணொண்ணாத் தொறந்து, மயிரிழை மயிரிழையாக் கைய நீட்டுச்சு. நான் எந்திரிச்சு ஓடல. முந்தியா இருந்தா ஓடியிருப்பேன், சாருக்கு ஃபோன் போட்டு, ரிப்போர்ட்ட இப்ப முடிங்க பாப்போம்னு கத்தியிருப்பேன். அத அடுத்த நாளு செஞ்சேன். அப்ப எனக்கு லீதியா மைனியப் பாக்கணும்னு இருந்துச்சு.

மைனி புருசன் எலைக்கு முன்னால வந்து நின்னாவ.

"எந்திரிங்க."

ரெமிஜி அண்ணன் எங்க பக்கம் பாத்தாரு. யாரும் அவருக்குக் குடுக்க ஒரு பார்வைகூட வச்சிருக்கல. எந்திரிச்சாரு. பிரகாசி அக்கா பழைய எலைய எடுத்துட்டுப் புது எலையப் போட்டுத் தண்ணி தெளிச்சாவ, டீச்சர் நகந்து எடம் விட்டாவ, தொம்மை மாமா விசிறிய எடுத்து வீச ஆரம்பிச்சாரு. மைனி சம்மணம் போட்டு உக்காந்து, சேலைய ஒதுக்கிட்டு, சோத்துல கைய வச்சாவ. மொதக் கவளத்த மென்னு முழுங்குற வரைக்கும் வளவுல ஒருத்தரும் சாப்பிடல.

ரெமிஜி அண்ணனுக்கு எங்க நிக்கன்னு தெரியல, எங்க கைய வைக்கன்னு தெரியல, கடைசியில கரண்டிய எடுத்தாரு.

மைனி நிமிந்து பாக்கல. "கொழம்பு ஊத்துங்க"ன்னாவ. ஊத்துனாரு.

"அந்தத் தலையையும் இங்க வைங்க."